அந்த ஹெடர் எந்த மெஷினுடையது?

ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி போர்டுக்காக என் லேப்டாப்பில் சில லைப்ரரிகளைக் கம்பைல் செய்துகொண்டிருந்தேன். "இசட்லிப் நிறுவப்படவில்லை" என்று சொல்லிவிட்டு லிப்பிஎன்ஜியின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் நின்றது. லிப்பிஎன்ஜி பிஎன்ஜி படங்களைப் படிக்கும் லைப்ரரி, இசட்லிப் தரவைச் சுருக்கி விரிக்கும் லைப்ரரி, கான்ஃபிகர் என்பது தேவையானவை இருக்கின்றனவா என்று கம்பைலுக்கு முன் பார்க்கும் ஸ்கிரிப்ட். ஐந்து நிமிடம் முன்புதான் இசட்லிபைக் கம்பைல் செய்து, ஸ்டேஜிங் என்று நான் உருவாக்கிய அடைவில் போட்டிருந்தேன். திறந்து பார்த்தால் இன்க்ளூட் அடைவில் ஹெடர் (லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) இருக்கிறது, லிப் அடைவில் லைப்ரரி இருக்கிறது. அந்த இரண்டு இடங்களையும் கான்ஃபிகருக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் இருப்பதை இல்லை என்கிறது.

கான்ஃபிகர் திரையில் காட்டுவது அதன் முடிவை மட்டும்தான். அந்த முடிவுக்கு அது எப்படி வந்தது என்பது கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் இருக்கும். அதைத் திறந்து "இசட்லிப்" என்று தேடியதும், கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் சொன்ன இரண்டு வரி கிடைத்தது. பொருந்தாத லைப்ரரி என்பதால் ஸ்டேஜிங்கில் உள்ள கோப்பைத் தாண்டிப் போகிறேன் என்று முதல் வரி. இசட் என்ற லைப்ரரியைக் காணவில்லை என்று இரண்டாவது வரி. கோப்பு இருந்தது. ஆனால் அது போர்டின் ஆர்ம் சிப்புக்கானது இல்லை. என் லேப்டாப்பின் எக்ஸ்86 சிப்புக்கானது.

கிராஸ் கம்பைல் செய்யும்போது, அதாவது ஒரு மெஷினில் இன்னொரு மெஷினுக்காகக் கம்பைல் செய்யும்போது, வரும் ஹெடர் பிழைகளும் டிபெண்டன்சி (ஒரு லைப்ரரி இன்னொன்றை நம்பியிருப்பது) பிழைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். செய்தி "இல்லை" என்று வரும்; உண்மையில் நடந்தது ஒரு மெஷினின் பொருள் இன்னொரு மெஷினின் வேலைக்குள் கலந்துவிட்டது. அதனால் "இந்த ஹெடர் எங்கே கிடைக்கும்" என்று தேட ஆரம்பிப்பதற்கு முன்னால், "கம்பைலர் பார்க்கிற ஹெடர் எந்த மெஷினுடையது" என்று கேட்க வேண்டும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஆன நாட்கள் அதிகம். இப்போது தொடங்குகிற யாருக்கும் அத்தனை நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ராஸ்பெர்ரி பை 3 போர்டில் மாட்டிய சிறிய திரையில் நாலு வரி தமிழ் தெரிய வேண்டும். எழுத்துருவைத் திறந்து எழுத்து வடிவங்களைப் புள்ளிகளாக மாற்ற ஃப்ரீடைப் என்ற லைப்ரரி போதும். ஆங்கிலம் என்றால் அதோடு வேலை முடிந்தது. தமிழுக்குப் போதாது. 'கொ' என்று எழுதினால் நினைவகத்தில் முதலில் க, அதற்குப் பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கும். திரையிலோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. ஃப்ரீடைப்புக்கு, பிஎன்ஜி படமாக எழுத்துகளை வைத்திருக்கும் எழுத்துருக்களைப் படிக்க லிப்பிஎன்ஜி வேண்டும். லிப்பிஎன்ஜிக்கு இசட்லிப் வேண்டும். ஆக நாலு லைப்ரரி, ஒன்றன் மேல் ஒன்று. போர்டிலேயே கம்பைல் செய்யலாமே என்றால், 1 ஜிபி நினைவகத்தில் ஹார்ஃப்பஸின் சி++ கோப்புகள் நகர்வதற்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. லேப்டாப்பில் கம்பைல் செய்து போர்டுக்கு அனுப்புவதுதான் வழி.

இங்கே முதலில் குழப்புவது ஒரு சொல். குனு கான்ஃபிகர் முறையில் 'பில்ட்' என்பது கம்பைல் நடக்கும் மெஷின், 'ஹோஸ்ட்' என்பது உருவாகும் நிரல் ஓடப்போகிற மெஷின். நம் பேச்சில் ஹோஸ்ட் என்றால் முன்னால் இருக்கும் லேப்டாப் என்றுதான் தோன்றும். இங்கே நேர்மாறு: ஹோஸ்ட் என்பது அந்தச் சிறிய போர்டு. 'டார்கெட்' என்ற மூன்றாவது சொல் கம்பைலர் போன்ற கருவிகளையே கம்பைல் செய்பவர்களுக்கு மட்டும் தேவை. மற்றவர்கள் அதை மறந்துவிடலாம். ஹோஸ்ட் இடத்தில் லேப்டாப்பின் பெயரைக் கொடுத்தால் கான்ஃபிகர் கிராஸ் கம்பைல் என்றே நினைக்காது, எல்லாச் சோதனையும் சுமுகமாகத் தேறும், கடைசியில் லேப்டாப்பில் ஓடும் லைப்ரரிதான் கிடைக்கும்.

என் இசட்லிபுக்கு நடந்தது அதற்குப் பக்கத்தில் வருகிற ஒன்று. இசட்லிபின் கான்ஃபிகர் என்ற கோப்பு பார்க்க மற்றவற்றைப் போலவே இருக்கும், பெயரும் அதேதான். ஆனால் அது ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கிய ஸ்கிரிப்ட் அல்ல. அவர்களே கையால் எழுதியது. ஹோஸ்ட் என்ற விருப்பம் அதற்குத் தெரியாது. சிஹோஸ்ட் என்ற சூழல் மாறியில் போர்டின் பெயரைச் சொல்ல வேண்டும், அல்லது சிசி என்ற மாறியில் கிராஸ் கம்பைலரையே கொடுக்க வேண்டும். இரண்டையும் சொல்லாமல் விட்டால் லேப்டாப்பின் கம்பைலரான ஜிசிசியை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் இப்படிச் சொந்த வழி உண்டு: அதன் கான்ஃபிகர் பெர்லில் எழுதப்பட்டது, மெஷினின் பெயரை அதன் சொந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தொகுப்பில் பலித்த கட்டளையை அடுத்த தொகுப்பில் அப்படியே ஒட்டுவதற்கு முன் அதன் நிறுவல் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதற்கான பரிசோதனை மிக எளிது. ஒவ்வொரு லைப்ரரியும் முடிந்ததும் அடுத்ததற்குப் போகாமல், கம்பைல் ஆன கோப்பின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கமாண்டைத் தலைப்பு காட்டும் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். 'மெஷின்' என்ற வரியில் ஆர்ம் என்று இருக்க வேண்டும். பத்து நொடி வேலை. நான் இசட்லிபுக்கு இதைச் செய்திருந்தால் லிப்பிஎன்ஜியின் கான்ஃபிகரோடு அரை நாள் மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

கான்ஃபிகர் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் அதன் பிழைகளில் பாதி தானாகப் புரியும். அது எங்கேயும் போய்க் கோப்புகளைத் தேடுவதில்லை. சிறு சிறு சி நிரல்களை எழுதுகிறது, கம்பைல் செய்து பார்க்கிறது, லிங்க் செய்து பார்க்கிறது. தேறினால் 'இருக்கிறது', தோற்றால் 'இல்லை'. ஏன் தோற்றது என்பதை அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஃப்ளாகில் (கம்பைலருக்குத் தரும் விருப்பத்தில்) ஒரு எழுத்துப் பிழை, இன்னொரு லைப்ரரி விட்டுப்போனது, கம்பைலர் பெயரே தவறு: எல்லாவற்றுக்கும் அது சொல்வது ஒரே "இல்லை". கான்ஃபிக்.லாகில் அந்த இடத்துக்கு மேலே போனால் ஓட்டிய கட்டளை, கம்பைலரின் பதில், தோற்ற அந்தக் குட்டி நிரல் மூன்றும் அப்படியே இருக்கும். கட்டளையை எடுத்து டெர்மினலில் நாமே ஓட்டிப் பார்க்கலாம். கோப்பின் கடைசியிலிருந்து படிக்காதீர்கள். அங்கே மாறிகளின் நீண்ட பட்டியல்தான் இருக்கும். பிழைச் சொல்லைத் தேடி அங்கிருந்து மேலே போக வேண்டும்.

சில சோதனைகளுக்குக் கம்பைல் செய்வது மட்டும் போதாது, நிரலை ஓட்டியும் பார்க்க வேண்டும். ஆர்ம் நிரல் லேப்டாப்பில் ஓடாது. அப்போது கான்ஃபிகர் ஒன்று நின்றுவிடும், அல்லது மோசமான பதிலை ஊகித்துக்கொண்டு போகும். பழைய தொகுப்புகளில் இந்த ஊகம் ஒரு விசித்திரமான பிழையாக வெளிவரும்: கடைசியில் லிங்க் செய்யும்போது 'ஆர்பிஎல்_மாலாக்' என்ற பெயரைக் காணவில்லை என்று நிற்கும். நம் கோடில் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது. நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷனிடம் பூஜ்யம் பைட் கேட்டால் என்ன தரும் என்று ஓட்டிப் பார்க்க முடியாததால், கான்ஃபிகர் அதை நம்பாமல் எல்லா மாலாக்கையும் அந்தப் பெயருக்கு மாற்றிவிட்டது. அந்த மாற்று ஃபங்ஷனைத் தொகுப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சோதனையின் விடையைச் சூழல் மாறியாக நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். எந்த மாறி என்பதும் கான்ஃபிக்.லாகின் முடிவில் உள்ள அந்தப் பட்டியலிலேயே இருக்கும். 64 பிட் ஆர்ம் அறிவிக்கப்பட்ட 2011க்கு முன் வெளியான தொகுப்புகள் அந்தச் சிப்பின் பெயரைக் கேட்டதும் 'இந்த மெஷினைத் தெரியாது' என்று நிற்பதும் உண்டு, அதற்கு கான்ஃபிக்.சப் என்ற கோப்பைப் புதிதாக மாற்றினால் போதும்.

சரி, இப்போது ஹெடர்களுக்கு வருவோம். இதில்தான் நிதானம் அதிகம் வேண்டும்.

உபுன்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வினியோகங்களில் ஹெடர்கள் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். எல்லா மெஷினுக்கும் பொதுவானவை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவில். மெஷினுக்கு மெஷின் மாறுபவை அதற்குள் அந்தந்த மெஷின் பெயரில் உள்ள துணை அடைவில். உபுன்டு தரும் கிராஸ் கம்பைலரின் தேடல் பட்டியலில் கடைசி இடம் அந்தப் பொது அடைவுக்கு. அதாவது, நாம் எதுவும் சொல்லாமலே லேப்டாப்புக்காக நிறுவிய ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹெடர்கள் கிராஸ் கம்பைலர் கண்ணில் படும். அவற்றில் ஒன்று 'ஓபன்எஸ்எஸ்எல்கான்ஃப்' என்ற ஹெடரைக் கேட்கும். அது லேப்டாப்பின் துணை அடைவில் இருப்பதால் கிடைக்காது. கம்பைல் நிற்கும். முக்கால்வாசி ஹெடர்கள் கிடைத்து ஒன்று மட்டும் கிடைக்காத இந்தப் பிழையைக் கிராஸ் கம்பைல் செய்கிறவர்கள் எப்படியும் ஒருமுறை சந்தித்திருப்பார்கள்.

இதைப் பார்த்ததும் கை தானாகச் செய்வது என்ன? கோப்பைத் தேடுவோம், லேப்டாப்பில் ஓரிடத்தில் கிடைக்கும், அந்த அடைவை, ஹெடரைத் தேடும் இடத்தைச் சொல்லும் 'மைனஸ் ஐ' ஃப்ளாகில் சேர்ப்போம், அல்லது கோப்பையே நகலெடுத்துப் போடுவோம். கம்பைல் தேறிவிடும். பிழை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்86 64 பிட் மெஷினுக்கான பதிப்பில் 'லாங்' என்பது 64 பிட் என்று ஒரு வரையறை இருக்கும். 32 பிட் ஆர்ம் பதிப்பில் அந்த இடத்தில் 32 பிட் என்று இருக்கும். பெரிய எண்களை எத்தனை பைட் துண்டுகளாக வைப்பது என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது: அங்கே 8, இங்கே 4. லேப்டாப் ஹெடரோடு கம்பைல் ஆன நம் நிரல் துண்டுக்கு 8 பைட் என்று கணக்கு வைக்கும். போர்டில் உள்ள லைப்ரரி 4 என்று வைக்கும். இருவரும் ஒரே நினைவகத்தைப் பகிர்வார்கள். என்ன ஆகும், எப்போது ஆகும் என்று சொல்ல முடியாது. கம்பைலர் நம்மை நிறுத்தியது நல்லதற்குத்தான். அதை வாயடைத்ததுதான் தப்பு.

ஹார்ஃப்பஸிலும் இதே கதை வேறு உருவத்தில் வந்தது. ஹார்ஃப்பஸ் தனக்கு வேண்டியதை, எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்கும். லேப்டாப்பில் ஜிலிப் என்ற லைப்ரரி இருந்ததால், அது இருக்கிறது என்று பதில் வந்தது. நான் கேட்காமலே ஜிலிப் ஆதரவு சேர்ந்துகொண்டது. (பெயர் ஒத்துப்போனாலும் இதற்கும் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சிக்கும் சம்பந்தமில்லை.) ஜிலிபிடம் 'ஜிலிப்கான்ஃபிக்' என்ற ஹெடர் ஒன்று உண்டு. மற்ற ஹெடர்கள் எல்லாம் இன்க்ளூட் அடைவில் இருக்க, இது மட்டும் லைப்ரரிகள் இருக்கும் லிப் அடைவுக்குள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் யாரோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். தவறு இல்லை, அது மெஷினைப் பொறுத்து மாறும் கோப்பு, அதனால் மெஷினைப் பொறுத்து மாறும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் எக்ஸ்86 64 பிட்டுக்கு 'ஜிஇன்ட்64' என்ற வகை 'லாங்' என்று வரையறுக்கப்பட்டிருக்கும். 32 பிட் ஆர்மில் லாங் என்பது 4 பைட். ஆகவே லேப்டாப்பின் ஹெடரை வைத்து ஆர்முக்குக் கம்பைல் செய்தால், பெயரில் 64 இருக்கும், உள்ளே 32 பிட்தான் இருக்கும். நடுவில் எந்தச் சோதனையும் குறுக்கே நிற்காவிட்டால் அது அப்படியே போர்டு வரை போய்விடும்.

ஒரு மெஷினை இன்னொரு மெஷினில் மென்பொருளாகவே ஓட்டிக் காட்டும் க்யூஇஎம்யூ திட்டத்தினர் இதற்காகவே கான்ஃபிகர் கட்டத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஜிலிப் சொல்லும் அளவும் கம்பைலர் சொல்லும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்தி, பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் மாறியைச் சரியான இடத்துக்குத் திருப்புங்கள் என்று செய்தியிலேயே சொல்கிறார்கள். காரணத்தைச் சொல்லி, வழியையும் சொல்லும் இப்படியொரு பிழைச் செய்தியை எழுதியவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்வேன். எத்தனை பேருடைய இரவுகளை அது மிச்சப்படுத்தியிருக்கும்!

அந்த மாறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் என்பது ஒரு விசாரணைச் சாளரம் மாதிரி. ஒவ்வொரு லைப்ரரியும் பிசி என்று முடியும் சிறு கோப்பை விட்டுச் செல்லும்: ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே, கூட என்ன வேண்டும் என்று. மூன்று மாறிகள் உண்டு. பிகேஜி_கான்ஃபிக்_பாத் புதிய இடங்களைச் சேர்க்கும், ஆனால் லேப்டாப்பின் வழக்கமான இடங்களும் தொடர்ந்து தேடப்படும். கிராஸ் கம்பைலுக்கு இது மட்டும் போதவே போதாது. ஸ்டேஜிங்கில் இல்லாதது லேப்டாப்பில் கிடைத்தால் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்ளும். என் ஜிலிப் வந்த வழி இதுதான். பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர் வழக்கமான இடங்களை நீக்கிவிட்டு நாம் சொல்வதை மட்டும் வைத்துக்கொள்ளும். வேண்டியது இது. மூன்றாவது பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்: கிடைக்கும் எல்லாப் பாதைகளுக்கும் முன்னால் சிஸ்ரூட்டின் பாதையை ஒட்டும். சிஸ்ரூட் என்பது போர்டின் கோப்பு அமைப்பை லேப்டாப்பில் ஓர் அடைவுக்குள் விரித்து வைத்தது.

இந்த மூன்றாவதில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். ஹார்ஃப்பஸ் 'எஃப்டி2பில்ட்' என்ற ஹெடரைக் காணவில்லை என்று நின்றது. ஃப்ரீடைப்பை ஒட்டிய பழக்கமான பிழை இது. அந்த ஹெடர் இன்க்ளூடுக்கு நேர் கீழே இல்லாமல் 'ஃப்ரீடைப்2' என்ற துணை அடைவுக்குள் இருக்கும், பாதை கொடுக்க மறந்தால் கிடைக்காது. ஆனால் நான் மறக்கவில்லை, பிகேஜி-கான்ஃபிக்தான் கொடுத்தது. கம்பைல் கட்டளையை முழுதாக அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஸ்டேஜிங்கின் பாதை ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு முறை ஒட்டியிருந்தது. ஃப்ரீடைப்பைக் கான்ஃபிகர் செய்யும்போதே ப்ரிஃபிக்ஸ் (நிறுவப்படும் இடம்) என்று ஸ்டேஜிங்கின் முழுப் பாதையைக் கொடுத்திருந்தேன். அது பிசி கோப்பில் பதிந்துவிட்டது. அதற்கு முன்னால் சிஸ்ரூட் மாறி இன்னொரு முறை ஒட்டியது. அப்படி ஓர் அடைவு எங்கும் இல்லை. இல்லாத அடைவை 'மைனஸ் ஐ'யில் கொடுத்தால் ஜிசிசி வழக்கமாக ஒன்றும் சொல்லாது. புறக்கணித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அதனால்தான் கண்ணில் படவில்லை.

இதற்கு இரண்டு ஒழுங்கு உண்டு, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ரிஃபிக்ஸ் என்பதை போர்டில் இருக்கப்போகும் இடமாக, அதாவது /யூஎஸ்ஆர் என்று கொடுத்து, நிறுவும்போது டெஸ்ட்டிர் மாறியால் ஸ்டேஜிங்குக்குள் இறக்கி, சிஸ்ரூட் மாறியையும் வைப்பது ஒன்று. ப்ரிஃபிக்ஸிலேயே ஸ்டேஜிங்கைக் கொடுத்து சிஸ்ரூட் மாறியை விட்டுவிடுவது இன்னொன்று. நான் முதலாவதையே சொல்வேன். இரண்டாவதில் சில நிரல்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளை என் லேப்டாப்பின் வீட்டு அடைவில் தேடிக்கொண்டு போர்டில் தவிக்கும்.

முதலாவதிலும் ஒரு முள் இருக்கிறது: லைப்ரரிகளை உருவாக்க உதவும் லிப்டூல் கருவி விட்டுச்செல்லும், எல்ஏ என்று முடியும் கோப்புகள். அவற்றுக்குள் லைப்ரரி /யூஎஸ்ஆர்/லிப்பில் இருப்பதாக எழுதியிருக்கும். அடுத்த தொகுப்பை லிங்க் செய்யும்போது லிப்டூல் அதை நம்பி லேப்டாப்பின் லிப் அடைவுக்கே போய்விடும். 'கோப்பு வடிவம் தவறு' என்ற பிழை வந்து, அதில் லேப்டாப்பின் பாதை தெரிந்தால் இந்தக் கோப்புகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டேஜிங்கிலிருந்து அவற்றை அழித்துவிடுவதே பெரும்பாலும் போதும்.

ஃப்ரீடைப்புக்கும் ஹார்ஃப்பஸுக்கும் இடையில் வேறொரு சிக்கல் உண்டு; இதில் யார் மேலும் தவறில்லை. ஹார்ஃப்பஸ் எழுத்துருவைப் படிக்க ஃப்ரீடைப்பைப் பயன்படுத்தலாம். ஃப்ரீடைப்போ எழுத்துகளைத் தானாகக் கூர்மைப்படுத்தும் பகுதியில் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தலாம். ஒன்று வர மற்றொன்று முதலில் வேண்டும். டெஸ்க்டாப்பில் இது நமக்குத் தெரிவதில்லை. வினியோகத்தைத் தயாரித்தவர்கள் ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கையால் செய்யும்போது, ஹார்ஃப்பஸ் வேண்டாம் என்று சொல்லி முதலில் ஃப்ரீடைப்பைக் கம்பைல் செய்ய வேண்டும். அதை வைத்து ஹார்ஃப்பஸ். தேவைப்பட்டால் ஹார்ஃப்பஸோடு மறுபடியும் ஃப்ரீடைப். என் நாலு வரித் தமிழுக்கு மூன்றாவது சுற்று தேவைப்படவில்லை. இதில் முக்கியமானது 'வேண்டாம்' என்பதை வெளிப்படையாகச் சொல்வது. கிடைத்தால் எடுத்துக்கொள் என்று தானியங்கி முறையில் விட்டால், முதல் சுற்றிலேயே லேப்டாப்பின் ஹார்ஃப்பஸைப் பிடித்துக்கொள்ளும். ஜிலிப், ஐசியூ (யூனிகோட் லைப்ரரி) போன்ற எல்லா விருப்பத் துணைகளுக்கும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று நானே எழுதிவிடுகிறேன். கட்டளை நீளும், ஆனால் லேப்டாப்பில் நாளைக்கு எதை நிறுவினாலும் விளைவு மாறாது.

கான்ஃபிகருக்குப் பதிலாகச் சில தொகுப்புகள் பயன்படுத்தும் சிமேக்கிலும் மெசானிலும் பிரச்சினை இதேதான், சொல்லும் இடம்தான் வேறு. சிமேக்குக்கு ஒரு டூல்செயின் (கம்பைலர், லிங்கர் முதலிய கருவிகளின் தொகுதி) கோப்பு எழுத வேண்டும். அதில் நிரல்களை லேப்டாப்பில் மட்டும் தேடு, லைப்ரரியையும் ஹெடரையும் சிஸ்ரூட்டுக்குள் மட்டும் தேடு என்று தனித்தனி வரிகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் கலப்படம்தான். அப்புறம், சிமேக் ஒருமுறை கண்டுபிடித்ததை கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். தவறைத் திருத்திய பிறகும் அதே பிழை வந்தால், பில்ட் அடைவை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மெசானுக்கு கிராஸ் கோப்பு. அதில் எந்த பிகேஜி-கான்ஃபிக்கை ஓட்ட வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

சில தொகுப்புகள் தங்களுக்கு வேண்டிய ஹெடரைத் தாங்களே கம்பைல் நடுவில் தயாரித்துக்கொள்ளும். அதற்கு ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து அங்கேயே ஓட்டும். அது ஆர்முக்குக் கம்பைல் ஆகிவிட்டால் லேப்டாப்பில் ஓடாது. 'நிரல் வடிவம் தவறு' என்று ஒரு வரி வரும், அதற்குக் கீழே உருவாகாத ஹெடரைக் காணவில்லை என்று நூறு வரி வரும். திரையில் தெரிவது அந்த நூறு வரி. காரணம் மேலே இருக்கும் ஒரு வரி. கம்பைலை நடத்தும் மேக் கருவியை ஒரே நேரத்தில் பல வேலையாக ஓட்டினால் அந்த ஒரு வரி எங்கோ புதைந்துவிடும். பிழை வந்ததும் ஒரே வேலையாக மறுபடி ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். ஐசியூ இந்த ரகத்தில் முக்கியமானது: முதலில் லேப்டாப்புக்கு ஒருமுறை கம்பைல் செய்து, அந்த அடைவை இரண்டாவது சுற்றுக்குக் காட்ட வேண்டும். ப்ரோட்டோபஃப் என்ற லைப்ரரியில், ஹெடரை உருவாக்கும் ப்ரோட்டாக் கருவியின் லேப்டாப்பில் உள்ள பதிப்பும் சிஸ்ரூட்டில் உள்ள ஹெடரின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உருவான ஹெடரே பிழை சொல்லி நிறுத்தும்.

போர்டின் கோப்பு அமைப்பை அப்படியே நகலெடுத்து சிஸ்ரூட்டாக வைப்பவர்கள் சிம்லிங்குகளை, அதாவது இன்னொரு கோப்பைச் சுட்டும் இணைப்புகளை, கவனிக்க வேண்டும். /லிப் என்று முழுப் பாதையில் தொடங்கும் சிம்லிங்க், போர்டில் இருக்கும்வரை போர்டின் லைப்ரரியைக் காட்டும். லேப்டாப்புக்கு நகலெடுத்ததும் அதே சிம்லிங்க் லேப்டாப்பின் /லிப்பைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. அவற்றைச் சார்புப் பாதைகளாக மாற்றாமல் லிங்கரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இத்தனையும் முடிந்து நாலு லைப்ரரியும் என் நிரலும் ஆர்முக்குத் தயாராகிவிட்டன. ரீட்எல்ஃப் எல்லாவற்றிலும் ஆர்ம் என்றது. போர்டுக்கு அனுப்பி ஓட்டினேன். 'ஜிலிப்சி 2.34 பதிப்பைக் காணவில்லை' என்றது.

இதுவும் அதே கேள்விதான், ஒரு படி தள்ளி. லேப்டாப்பில் உபுன்டு 22.04. அதன் கிராஸ் கம்பைலரோடு வரும் ஜிலிப்சி 2.35. போர்டில் இருந்தது டெபியனின் புல்ஸ்ஐ பதிப்பைத் தழுவிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ், அதில் 2.31. 2021 ஆகஸ்டில் வந்த 2.34இல் நிரல் தொடங்கும் இடத்திலேயே ஒரு பெயரின் பதிப்பு மாறியது. அதனால் புதிய ஜிலிப்சியோடு லிங்க் ஆன எந்தச் சாதாரண நிரலும் பழையதில் தொடங்கவே தொடங்காது. புதியதில் பழையது ஓடும். பழையதில் புதியது ஓடாது. ஹெடரும் லைப்ரரியும் ஆர்முடையவைதான், ஆனால் என் போர்டின் ஆர்முடையவை அல்ல. போர்டிலேயே ஜிலிப்சியை மாற்றிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம், போர்டில் உள்ள மற்ற எல்லா நிரலும் அதன்மேல்தான் நிற்கின்றன. போர்டின் பதிப்புக்குச் சமமான அல்லது அதைவிடப் பழைய ஜிலிப்சி உள்ள டூல்செயினை எடுத்து, நாலையும் முதலிலிருந்து கம்பைல் செய்வதுதான் சரி. லேப்டாப்பிலேயே தனியாகப் பிரித்து வைத்த டெபியன் புல்ஸ்ஐ சூழல் (கண்டெய்னர்) ஒன்றுக்குள் அதன் கிராஸ் கம்பைலரை நிறுவி, கட்டளைகளை ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்ததால் மறுபடி ஓட்டுவது பெரிய வேலையாக இல்லை.

பை 3க்குப் பதிலாகப் பழைய பை ஸீரோ வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. அதன் சிப் ஆர்ம்வி6. உபுன்டுவும் டெபியனும் தரும் 32 பிட் கிராஸ் கம்பைலர் ஆர்ம்வி7க்குக் கோட் எழுதும். பெயர் ஒன்றே, ரீட்எல்ஃப் தலைப்பில் மெஷினும் ஒன்றே. ஓட்டினால் 'செல்லாத கட்டளை' என்று விழும். கம்பைலரிடம் ஆர்ம்வி6 என்று ஃப்ளாகில் சொன்னாலும் போதாது. ஏற்கெனவே ஆர்ம்வி7க்குக் கம்பைல் ஆகி வந்த அதன் தொடக்கக் கோப்புகளும் நிரலுக்குள் சேர்ந்துவிடும். டூல்செயினே ஆர்ம்வி6க்கு உருவானதாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ள போர்டுக்கான முழு லினக்ஸையே கம்பைல் செய்து தரும் பில்ட்ரூட்டும் யோக்டோவும் இருக்கின்றன. பில்ட்ரூட் தன் பிகேஜி-கான்ஃபிக்கைத் தானே அமைத்துக்கொள்ளும், எல்ஏ கோப்புகளைத் திருத்தும், லேப்டாப்பின் இன்க்ளூட் அடைவு கம்பைல் கட்டளையில் வந்தால் 'கிராஸ் கம்பைலுக்குப் பாதுகாப்பற்ற பாதை' என்று சொல்லி நிறுத்தும். லைப்ரரிகள் நாலைத் தாண்டிப் பத்தைத் தொட்டால் நான் தயங்காமல் அதற்குத்தான் போவேன். ஆனாலும் ஒருமுறையாவது இசட்லிபிலிருந்து தொடங்கிக் கையால் செய்து பாருங்கள். பில்ட்ரூட்டிலும் ஒருநாள் ஏதாவது ஒரு தொகுப்பு நிற்கும். அப்போதும் திறக்க வேண்டியது அதே கான்ஃபிக்.லாகைத்தான்.

புல்ஸ்ஐ டூல்செயினில் மறுபடி கம்பைல் ஆன நிரலை போர்டுக்கு அனுப்புவதற்கு முன் ரீட்எல்ஃபில் பதிப்புத் தகவலையும் பார்த்தேன். ஜிலிப்சி வரிசையில் 2.31ஐத் தாண்டி எதுவும் இல்லை. இந்த முறை நிரல் ஓடியது. நாலாவது வரியில் 'கொ' இருந்தது. கொம்பு முன்னால், கால் பின்னால்.